மறைந்தவரின் படங்கள்: ஒளிப்படத் தொகுப்புகளின் வாரிசுரிமை

ஒருவர் இறந்தபின் அவருடைய நிலம், நகை, வங்கி வைப்பு ஆகியவை யாரைச் சேரும் என்பதற்குச் சட்டத்திலும் ஊர் வழக்கத்திலும் தெளிவான விடைகள் உண்டு. அவர் ஆயுள் முழுதும் எடுத்தோ சேர்த்தோ வைத்திருந்த ஒளிப்படங்கள் யாரைச் சேரும், பெற்றுக்கொண்டவர் அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அத்தகைய விடை எதுவும் வழக்கில் இல்லை. பாகப்பிரிவினையின்போது பித்தளைப் பாத்திரங்கள்கூட எண்ணிப் பிரிக்கப்படுவதுண்டு. நெகட்டிவ் பெட்டிகளும் ஆல்பங்களும் அந்தக் கணக்கில் வருவது அரிது. விலை குறிக்க முடியாத பொருளை எப்படிப் பங்கிடுவது என்ற சிக்கல் இதற்கு ஒரு காரணம். அது சொத்துதானா என்ற ஐயம் அதைவிடப் பெரிய காரணம். ஆகவே பெரும்பாலான தொகுப்புகளின் முடிவு எவரும் முடிவெடுக்காமலேயே நேர்ந்துவிடுகிறது: பெட்டி பரணில் ஏறுகிறது, வீடு கைமாறும்போது இறங்குகிறது, பிறகு காயலான் கடைக்குப் போகிறது.

இங்கே தொகுப்பு என்ற சொல் ஒளிப்படக் கலைஞர் விட்டுச்சென்ற நெகட்டிவ்களையும் பிரிண்டுகளையும், ஸ்டுடியோக்களில் தேங்கிய வாடிக்கையாளர் படங்களையும், பிறர் எடுத்தவற்றைச் சேர்த்துவைத்த சேகரிப்பாளரின் திரட்டையும், குடும்ப ஆல்பத்தையும் ஒருங்கே குறிக்கிறது. இவை தன்மையில் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்தவை. ஒவ்வொன்றிலும் மூன்று கூறுகள் பின்னிக் கிடக்கின்றன: கண்ணாடி, பிலிம், தாள் என்ற பொருள், அப்படத்தைப் படியெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை, படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற அறிவு. உடையவர் உயிரோடிருக்கும் வரை மூன்றும் பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கின்றன. அவர் மறைந்ததும் பொருள் ஒரு கைக்கும் உரிமை இன்னொரு கைக்கும் போய்விடுகின்றன, அறிவு எவருக்கும் போவதில்லை. பொருளைக் காப்பதில் வேதியியலாளர்களும் உரிமையைப் பற்றி வழக்கறிஞர்களும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றிய கவலைதான் குறைவு, ஆனால் சரிசெய்யவே முடியாத இழப்பு அதில்தான் நேர்கிறது.

பொருளின் கதி பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. படம் எடுத்துக்கொண்டவர் பிற்காலத்தில் பிரதி கேட்டு வருவார் என்பதால் ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ்களை எண்ணிட்டு உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பிரதி வருமானம் தொடர்ந்த வரைதான் அவற்றுக்கு அலமாரியில் இடம் இருந்தது. வண்ணப்பட லேப்களும் பின்னர் டிஜிட்டல் கேமராவும் வந்து அந்த வருமானம் வற்றிய காலமும், தொழிலைத் தொடங்கிய தலைமுறை மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்ந்தன. கண்ணாடித் தகடுகளின் மேற்பூச்சைச் சுடுநீரில் கழுவி எடுத்துவிட்டால் அவை படச் சட்டங்களுக்குக் கண்ணாடியாகப் பயன்படும். கறுப்பு வெள்ளை பிலிமில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி உலோகமே ஆகையால், அதை உருக்கிப் பிரித்தெடுப்பவர்களுக்கு நெகட்டிவ்கள் கிலோக் கணக்கில் விற்கப்பட்டன. வண்ண பிலிமில் கழுவும் கட்டத்திலேயே வெள்ளி முழுதும் நீங்கிச் சாயம் மட்டும் எஞ்சுவதால் அதற்கு இந்த ஆபத்து இல்லை. வேறு வகையில் சொன்னால், வரலாற்று மதிப்பு மிகுந்த பழைய படங்களே பழைய சரக்குச் சந்தையிலும் விலைபோகக்கூடியவையாக இருந்து அழிந்தன.

விற்காமல் வைத்திருந்தாலும் பொருள் தானாக நிலைத்துவிடுவதில்லை. 1950களின் தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்த நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் பிலிம் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது என்றாலும் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, காடி வாசம் வீசிச் சுருங்கும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் வகுத்த கணக்கின்படி, 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்த புதிய அசிட்டேட் பிலிம் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அந்தச் சிதைவின் தொடக்கத்தை எட்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எந்த வீட்டுப் பரணும் அந்த 21 பாகையை ஒரு மார்கழி இரவுக்கு மேல் கண்டிருக்காது.

கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் காப்பாற்றப்பட்ட கதைகளில் திரும்பத் திரும்ப வருபவர் குடும்பத்தாரல்லர்; தற்செயலாக அங்கே வந்துசேர்ந்த அயலாரே. பாரிஸ் நகரின் தெருக்களையும் கடை முகப்புகளையும் முப்பது ஆண்டுகளாகப் பதிவு செய்த யூஜின் அட்ஜே 1927இல் மறைந்தபோது, அவர் வீட்டில் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களையும் பல்லாயிரம் பிரிண்டுகளையும் அடுத்த ஆண்டு அவருடைய நண்பரிடமிருந்து வாங்கியவர் அமெரிக்க இளம் ஒளிப்படக் கலைஞர் பெரனிஸ் அபாட். நாற்பது ஆண்டுகள் அத்தொகுப்பைத் தம்மிடம் வைத்துப் பேணிய அவர் 1968இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அதை விற்றார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1949இல் மறைந்த பெல்லாக் என்பவர், அந்நகரின் ஸ்டோரிவில் என்ற விலைமாதர் பகுதியில் எடுத்திருந்த 89 கண்ணாடித் தகடுகளை ஒளிப்படக் கலைஞர் லீ பிரீட்லாண்டர் 1966இல் வாங்கி, தாமே அவற்றிலிருந்து பிரிண்டுகள் எடுத்தார். அவை 1970இல் அதே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. ஆர்கன்சா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஸ்டுடியோ நடத்திய மைக் டிஸ்ஃபார்மர் 1959இல் இறந்தபின், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களோடு ஸ்டுடியோவில் இருந்தவை வெறும் 5 டாலருக்குக் கைமாறின. வாங்கியவர் அவ்வூரின் முன்னாள் மேயர். பெட்டிகள் பல ஆண்டுகள் அவர் கொட்டகையில் கிடந்து, 1970களில்தான் வெளியுலகுக்கு வந்தன.

இம்மூன்று கதைகளையும் மீட்பின் கதைகளாகவே சொல்வது வழக்கம். ஆனால் மீட்டவர் வெறும் காவலாளியல்லர். அட்ஜே தம் படங்களை ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்கும் ஆவணங்களாகவே கருதியவர். அவரை நவீன ஒளிப்படக்கலையின் முன்னோடியாக நிறுத்தியதில் அபாடின் எழுத்துக்கும் தேர்வுக்கும் பெரும்பங்கு உண்டு. டிஸ்ஃபார்மர் தம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது அஞ்சலட்டை அளவுச் சிறு படங்கள். அவர் நெகட்டிவ்களிலிருந்து பின்னாளில் பெரிதாக அச்சிடப்பட்டு கண்காட்சிச் சுவர்களில் தொங்கியவை அவர் கண்ணால் காணாத உருவங்கள். பெல்லாக்கின் தகடுகள் சிலவற்றில் பெண்களின் முகங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன; சுரண்டியது யார், ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. அப்பெண்கள் எவர் என்பதும் ஏறத்தாழ முழுமையாக மறைந்துவிட்டது. பொருள் பிழைத்து, அறிவு பிழைக்காத தொகுப்புக்கு இது சரியான உதாரணம்.

அட்ஜே விஷயத்தில் அறிவின் ஒரு பகுதி பிழைத்ததற்கு அவருடைய கணக்குப்பிள்ளைத்தனமான பழக்கமே காரணம். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் வரிசை எண் இட்டு, பொருள் வாரியாகப் பிரித்து, பிரிண்டுகளின் பின்புறத்தில் இடத்தின் பெயரை எழுதிவைத்தார். அந்த எண் முறை வெளிப்பார்வைக்குக் குழப்பமானது. நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் சார்கோவ்ஸ்கியும் மரியா மோரிஸ் ஹாம்பர்க்கும் அதன் விதிகளைக் கண்டறிந்து, படங்களைக் காலவரிசைப்படுத்தி, 1981 முதல் 1985 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்கள். பென்சிலால் எழுதிய எண்கள் இல்லாதிருந்தால் அந்த ஆயிரக்கணக்கான படங்கள் அழகிய, ஆனால் முன்பின் தெரியாத குவியலாகவே எஞ்சியிருக்கும். ஆவணக்காப்பகவியலில் மூல ஒழுங்கு என்று ஒரு கொள்கை உண்டு: ஒரு தொகுப்பை அதை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும், ஏனெனில் அந்த வரிசையும் ஒரு செய்தி. ஏலக்காரரும் வியாபாரியும் முதலில் கலைப்பது இந்த வரிசையைத்தான். நல்ல படங்களைத் தனியே உருவி விற்பதில் கிடைக்கும் லாபம் முழுத் தொகுப்பை விற்பதில் கிடைப்பதில்லை.

பொருளும் உரிமையும் வேறு வேறு என்பதை உலகறியச் செய்தது விவியன் மேயரின் வழக்கு. சிகாகோவில் பல குடும்பங்களில் குழந்தைகளை வளர்க்கும் பணியில் இருந்த அவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை எடுத்துவைத்திருந்தார். அவற்றில் மிகச் சிலவற்றையே அவர் பிரிண்டாகப் பார்த்திருந்தார், கழுவப்படாத பிலிம் சுருள்களும் மிகுதியாக இருந்தன. வாடகைப் பண்டகசாலை அறைக்குப் பணம் கட்டப்படாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்து பலர் கைகளுக்குச் சிதறின. சில நூறு டாலருக்கு ஒரு பெட்டியை எடுத்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் பின்னர் மற்றவர்களிடமிருந்தும் வாங்கிப் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொண்டார். மேயர் 2009 ஏப்ரலில் இறந்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் நூல்கள், கண்காட்சிகள், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஆவணப்படம் எனப் புகழ் பெருகியபோது எழுந்த கேள்வி எளிமையானது: நெகட்டிவை வாங்கியவருக்கு அதிலிருந்து பிரிண்டு எடுத்து விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொருளின் உடைமையும் பதிப்புரிமையும் தனித்தனியானவை; ஏலத்தில் போனது பொருள் மட்டுமே. உயில் எழுதாமலும் நேர் வாரிசு இன்றியும் இறந்த மேயரின் உரிமை பிரான்சில் உள்ள தூரத்து உறவினருக்குப் போகக்கூடியது. மலூஃப் அங்குள்ள ஓர் உறவினரிடம் உரிமையை விலைக்கு வாங்கியிருந்தார். உண்மையான வாரிசு வேறொருவர் என்று 2014இல் நீதிமன்றத்தில் வாதம் எழுந்ததும், மேயரின் சொத்து நிர்வாகம் குக் கவுண்டியின் பொது நிர்வாகியிடம் சென்றது. 2016இல் மலூஃபுக்கும் அந்த நிர்வாகத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. டிஸ்ஃபார்மரின் உறவினர்களும் அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் இதே வகை உரிமை கோரி எழுந்திருக்கிறார்கள். தெருவில் எறியப்படவிருந்ததைப் பணமும் காலமும் செலவிட்டுக் காத்தவருக்கு ஒன்றுமில்லை, பெயர்கூடக் கேள்விப்படாத உறவினருக்கு எல்லாம் என்ற நிலையைச் சட்டம் தெரிந்தே ஏற்கிறது. அதில் நியாயம் குறைவு என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் குப்பையில் கண்டெடுத்தவருக்கே எல்லா உரிமையும் என்று வைத்தால், தம் படங்களை எவருக்கும் காட்ட விரும்பாமலே மறைந்தவரின் மௌனத்துக்கு மதிப்பே இராது.

இந்தியாவில் நிலை சற்று வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தொடக்கத்தில் ஒளிப்படத்தை மற்றக் கலைப்படைப்புகளிலிருந்து தாழ்த்தி, வெளியீட்டிலிருந்து கணக்கிடப்படும் காலத்துக்கே பாதுகாப்புத் தந்தது. 2012 திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியதால், இப்போது ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு வசதி 20ஆம் பிரிவில் இருக்கிறது: வெளியிடப்படாத ஒரு கலைப்படைப்பை ஒருவருக்கு உயிலால் எழுதிவைத்தால், மாறான எண்ணம் தெரியாதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே சேரும். ஓர் உயிலில் ஒரு வரி எழுதினால் பொருளும் உரிமையும் பிரியாமல் போகும் என்பது இதன் பொருள். அந்த வரியை எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. 17ஆம் பிரிவோ ஸ்டுடியோ தொகுப்புகளைச் சிக்கலில் ஆழ்த்துகிறது: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. அப்படியானால் மதுரையிலோ கும்பகோணத்திலோ ஒரு ஸ்டுடியோவில் கிடக்கும் ஆயிரம் கல்யாணப் படங்களின் நெகட்டிவ் ஸ்டுடியோக்காரரின் வாரிசுக்கும், உரிமை ஆயிரம் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் உரியது. அவர்கள் யாரென்று தெரிந்த ஒரே ஆள் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், அவர் இல்லை.

உடையவரே முன்கூட்டி முடிவெடுத்த சம்பவங்கள் குறைவு, ஆனால் கவனத்துக்குரியவை. ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் நோயால் தளர்ந்தபோது தம் நெகட்டிவ்களை மகன்கள் அச்சிட அனுமதித்தார். மகன் பிரெட் தந்தையின் மேற்பார்வையில் அவற்றை அச்சிட்டார், 1958இல் தந்தை மறைந்தபின் இன்னொரு மகன் கோல் அப்பணியைத் தொடர்ந்தார். அதே பிரெட் வெஸ்டன் 1991இல் தம் 80ஆம் பிறந்தநாளன்று, பிறர் எவரும் தம் படங்களை அச்சிடக் கூடாது என்று கருதி, தம் நெகட்டிவ்களில் பெரும்பாலானவற்றை நெருப்பிலிட்டார். தந்தையின் படங்களைத் தம் கையால் அச்சிட்டு, அதில் எவ்வளவு தூரம் அச்சிடுபவரின் தீர்ப்பு கலக்கிறது என்பதை அறிந்தவர் அவர். எரித்ததைக் கண்டிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இலங்கையின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்ட் 1944இல் நாற்பத்து நான்கு வயதில் திடீரென மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்களும் அழிக்கப்பட்டன. ஆகவே அவர் கையால் அச்சிட்ட பிரிண்டுகளும் 1950இல் வெளிவந்த தொகுப்பு நூலுமே இன்று அவருடைய கலைக்கு ஆதாரம். கொழும்பில் அவர் பெயரால் அரங்கம் இருக்கிறது, நெகட்டிவ் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர் எனப்படும் ஹோமாய் வியாரவல்லா. 2012இல் மறைவதற்கு முன்பே தம் தொகுப்பை டெல்லியின் அல்காசி அறக்கட்டளையிடம் அவர் ஒப்படைத்துவிட்டார். படங்களைப் பற்றி அவரிடமே கேட்டு எழுத ஆய்வாளர்களுக்கு வாய்ப்பும் கிடைத்தது. அவருடைய சமகாலத்தவரான குல்வந்த் ராய் 1984இல் மறைந்தபோது, தம் பெட்டிகளை ஆதித்ய ஆர்யா என்ற இளம் ஒளிப்படக்காரருக்கு விட்டுச்சென்றார். சுதந்திரப் போராட்டத் தலைவர்களின் அரிய படங்கள் நிறைந்த அப்பெட்டிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறக்கப்படாமல் இருந்து, பிறகே வரிசைப்படுத்தப்பட்டு 2010இல் நூலாயின. திறந்தபோது விளக்கம் கேட்க ராய் இல்லை. பழைய செய்தித்தாள்களையும் தலைவர்களின் பயணக் குறிப்புகளையும் ஒப்பிட்டே தேதிகளை ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரே நகரில் ஒரே தொழிலில் ஒரே தலைவர்களைப் படமெடுத்த இருவரின் தொகுப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒருவர் உயிரோடிருக்கும்போதே பேசவைக்கப்பட்டார் என்பதுதான்.

நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கையும் முழுதும் சரியன்று. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இலவசமாகத் தரப்படும் தொகுப்பைக்கூட மறுப்பதுண்டு. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து குளிரூட்டிய அறை, அமிலமற்ற உறை, பட்டியலிடும் ஆள் என்று முடிவில்லாச் செலவு தொடங்குவதே காரணம். கல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ நூறாண்டுகளுக்கு மேல் தன் கட்டடத்திலேயே வைத்திருந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதி 1991இல் ஒரு தீ விபத்தில் போயிற்று. ஒளிப்படக் கலைஞர் ராஜா தீன் தயாளின் தொகுப்பு, அவர் 1905இல் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலான பின், 1989இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தை அடைந்தது. வந்துசேர்ந்த கண்ணாடி நெகட்டிவ்கள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் பிலிம் நியூஸ் ஆனந்தன் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த திரைப்படப் புகைப்படங்களையும் தகவல்களையும் அவர் வாழ்ந்த காலத்திலேயே மாநில அரசு வாங்கிக்கொண்டது. 2016இல் மறைந்த அவரோடு, எந்தப் படம் எந்தப் படப்பிடிப்பில் எடுக்கப்பட்டது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் நினைவும் போயிற்று. நல்ல முன்மாதிரியை ஒளிப்படத்துக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் சிதறாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் மொத்தமாக வாங்கப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறாமல் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. மொத்தமாக வாங்கியதும் இங்கேயே வைத்ததும் ஆகிய இரண்டு முடிவுகளே அத்தொகுப்பைக் காத்தன.

குடும்பப் படங்களுக்கு இப்படிப்பட்ட ஆதரவு கிடைப்பதில்லை. தமிழ் வீடுகளில் சாவு ஒரே ஒரு படத்தை மட்டும் உயர்த்துகிறது: கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் மாலை போட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கும் ஒரு குழுப் படத்திலிருந்து இறந்தவரின் முகம் மட்டும் வெட்டிப் பெரிதாக்கப்படுகிறது, உடன் நின்றவர்கள் வெட்டுண்டு போகிறார்கள், மற்றப் படங்கள் பெட்டிக்குத் திரும்புகின்றன. இரண்டு தலைமுறை கழித்துச் செட்டிநாட்டு வீடு பங்காளிகளிடையே பிரிந்து இடிபடும்போது, காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு அப்படங்கள் வந்துசேர்கின்றன. வாங்குவோரில் பலருக்குத் தேவை தேக்குச் சட்டம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வருடல் செய்தது; தோற்றத்தையும் பின்திரையையும் உடையையும் வைத்து காலத்தை ஓரளவு கணிக்கலாம், பெயரைக் கணிக்க வழியில்லை.

டிஜிட்டல் படங்களில் இப்பிரச்சினை வடிவம் மாறியிருக்கிறது. கூகுள் 2013இல், செயலற்றுப்போன கணக்கின் தரவை யாருக்குத் தருவது என்று முன்பே குறிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2021இல் வாரிசுத் தொடர்பாளரை நியமிக்கும் வசதியைத் தந்தது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி வகுத்தபின், நியமனம் செய்யாமல் இறந்தவரின் படங்களுக்குக் கெடுவும் குறிக்கப்பட்டுவிட்டது. இறந்தவரின் பேஸ்புக் கணக்கும் கடிதங்களைப் போல வாரிசுகளைச் சேரும் என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இறப்புக்குப்பின் தம் தரவுரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்க இடம் தருகிறது. கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் நாள், நேரம், பெரும்பாலும் இடமும் தாமாகவே பதிவாவதால், அட்ஜே பென்சிலால் செய்த வேலையில் பாதியை இயந்திரமே செய்துவிடுகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டு, படமும் சுருக்கப்படுகிறது. உறவினர் கைபேசிகளில் பரவிக் கிடப்பது நாளும் இடமும் இழந்த இந்தப் பிரதி. அவற்றைத் தாங்கிய மூலம், இறந்தவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது.